கடன் கொடுப்போர் கடமை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வரவுக்கு மேல் செலவு செய்யாதே, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றெல்லாம் கடன் வாங்கப் போகிறவனுக்கு அறிவுரை கூறும் பழமொழிகள் நம் மொழியில் ஏராளம். ஆனால் கடன் கொடுக்கப் போகிறவனைப் பார்த்து, “இவனால் இதைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று எண்ணிப் பார்த்தாயா?” என்று கேட்கும் பழமொழி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பழமொழி கேட்காத அந்தக் கேள்வியைச் சட்டம் கேட்க வேண்டுமா? கேட்டால் பயன் உண்டா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்தது பாடப்புத்தகத்தைப் பார்த்து அன்று. எங்கள் வீட்டு அலமாரியில் நான்கு கடன் அட்டைகள் இருக்கின்றன. நான்கும் என் அன்னையின் பெயரில் உள்ளவை. அவற்றைப் பற்றிப் பின்னர் கூறுவேன். முதலில் வட்டி என்பது எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைக் காண்போம். ஏனெனில் கடன் உலகில் நடக்கும் ஏமாற்றில் பெரும்பகுதி கணக்கில்தான் நடக்கிறது.

வட்டிக் கணக்கு

நம் ஊர்களில் ‘ஒரு வட்டி’, ‘இரண்டு வட்டி’, ‘பத்து வட்டி’ என்பர். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்பது ஒரு வட்டி. ஆண்டுக்கு 12 விழுக்காடு. பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. பத்து என்ற சொல் காதுக்குச் சிறியது; 120 என்ற எண் மனத்தைத் திடுக்கிடச் செய்வது. இரண்டும் ஒன்றே.

சந்தைகளில் வழங்கும் தண்டலை எடுத்துக்கொள்வோம். காய்கறி விற்கும் அம்மாள் ஒருவர் 10,000 ரூபாய்க் கடன் பெறுகிறார். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருகிறார்கள். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “பதினைந்து விழுக்காடுதானே” என்று நமக்குத் தோன்றும். ஆனால் அது நூறு நாளைக்கு உரியது. அதோடு, அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பதாம் நாளில் அவர் கையில் கடன்பணத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 விழுக்காடு ஆகிறது. தண்டலும் பத்து வட்டியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்பது இதனால் விளங்கும்.

படித்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதற்கு ‘ஃபிளாட்’ வட்டி என்று பெயர். இரு சக்கர வாகனம் வாங்க 60,000 ரூபாய், ஃபிளாட் வட்டி 12 விழுக்காடு, இரண்டு ஆண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 14,400; மொத்தம் 74,400; மாதம் 3,100 ரூபாய். இங்கே அசல் மாதந்தோறும் குறைந்துவந்தாலும் வட்டி மட்டும் முழு 60,000 ரூபாய்க்கும் கடைசி மாதம் வரை போடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் உண்மையான வீதம் 21½ விழுக்காடு ஆகும். பலகையில் எழுதியது 12; வாங்கியது 21½. இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை.

எனவேதான் கடனைக் கட்டுப்படுத்தும் சட்டங்களின் முதற்படி, எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வீதமாக ஒரே எண்ணில் சொல்ல வேண்டும் என்பதாக அமைந்தது. அமெரிக்காவில் 1968-இல் இயற்றப்பட்ட கடன் உண்மைச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் கடன்கள் அனைத்துக்கும் ‘முக்கிய விவரக் குறிப்பு’ ஒன்றைத் தர வேண்டும் என்றும், அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும், அதில் கூறாத கட்டணம் எதையும் அவருடைய வெளிப்படையான இசைவின்றி வாங்கலாகாது என்றும் விதித்தது.

பத்திரங்களைக் கொளுத்திய உழவர்கள்

கடனைப் பற்றிய சட்டம் நம் நாட்டில் அமைதியாகப் பிறந்ததன்று. 1875 மே மாதத்தில் பூனா மாவட்டத்தின் சூபா என்னும் ஊரில் உழவர்கள் கூடி வட்டிக்காரர் கடைகளைத் தாக்கினர். கலவரம் அகமதுநகர் மாவட்டத்திற்கும் பரவியது. அவர்கள் பெரிதும் நாடியது பொன்னையும் பொருளையும் அன்று, கடன் பத்திரங்களையே. அவற்றைத் தெருவில் குவித்துக் கொளுத்தினர். இதன் விளைவாக ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, 1879-இல் தக்காண உழவர் துயர் நீக்கச் சட்டம் வந்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாராமல், அக்கடன் எவ்வாறு வளர்ந்தது என்ற வரலாற்றையே நீதிமன்றம் ஆராயலாம் என்று அச்சட்டம் கூறிற்று. கையொப்பம் இட்டுவிட்டாய், ஆகவே கட்டு என்ற வாதம் அங்கே முதன்முறையாக ஆட்டங்கண்டது எனலாம்.

நம் சென்னை மாகாணமும் பின்தங்கியிருக்கவில்லை. ஐரோப்பிய நாடுகளின் வேளாண் வங்கிகளை ஆராயும் பணியை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. 1895-லும் 1897-லும் அவர் தந்த அறிக்கைகள் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகாட்டின. 1938-இல் இராஜாஜி அமைச்சரவை, வேளாளர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனில், அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அக்கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது அச்சட்டத்தின் ஒரு கூறு. வட்டி அசலை விழுங்கி வளர்வதற்கு ஓர் எல்லை உண்டு என்ற அறவுணர்வு அதில் தொனிப்பதைக் காணலாம்.

கந்துவட்டித் தடைச் சட்டம்

2003-இல் தமிழ்நாட்டில் அநியாய வட்டி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் வழங்கிய பெயர்களையே அச்சட்டம் எடுத்தாண்டது குறிப்பிடத்தக்கது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை தண்டமும் உண்டு. கடன்பட்டவர் உரிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி விடுதலை பெறவும் வழி செய்யப்பட்டது.

சட்டம் இருந்தது. ஆயினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனுக் கொடுத்தும் பயன் காணாத கூலித் தொழிலாளி ஒருவர் தம் மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீயில் மாண்டார். அச்செய்தியைப் படித்த எவரும் மறக்கவியலாது. ஏட்டில் உள்ள சட்டம் நாட்டில் உள்ள மனிதனை வந்தடைய எத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கிறது என்பதை அது உணர்த்திற்று.

ஆந்திரம் தந்த பாடம்

வட்டிக்காரனிடமிருந்து ஏழையை மீட்க வந்தவை சிறுகடன் நிறுவனங்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஈடு எதுவும் கேளாமல், ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்ற முறையில் கடன் தந்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் வளர்ச்சி என்ற வேகத்தில், ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் தரலாயின. ஒரு கடனைக் கட்ட மறு கடன், அதைக் கட்ட இன்னொன்று என்று சங்கிலி நீண்டது. ஆந்திரப் பிரதேசத்தில் தற்கொலைச் செய்திகள் வந்ததும், 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. வசூல் ஏறக்குறைய நின்றேபோயிற்று. நிறுவனங்கள் ஆட்டங்கண்டன, ஏழைகளுக்குக் கடன் கிடைப்பதும் அற்றுப்போயிற்று.

இதன்பின் ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்தது. 2011 சனவரியில் அது அறிக்கை தந்தது. அதன் வழியே, ஒருவருக்கு இரு சிறுகடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரலாகாது, மொத்தக் கடன் 50,000 ரூபாயைத் தாண்டலாகாது, வட்டி 26 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்ற விதிகள் வந்தன. பின்னர் 2022 ஏப்ரல் முதல் முறை மாறியது. வட்டிக்கான உச்சவரம்பு நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக வேறொரு கேள்வி முன்வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்திற்குத் தரப்படும் ஈடில்லாக் கடனே சிறுகடன். அக்குடும்பம் கட்ட வேண்டிய எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் செல்லலாகாது.

‘எவ்வளவு வட்டி?’ என்ற கேள்வியிலிருந்து ‘இக்குடும்பம் தாங்குமா?’ என்ற கேள்விக்குச் சட்டம் நகர்ந்தது இங்கேதான். இதுவே நான் முன்னுரையில் தேடிய கேள்வி.

கைப்பேசிக்குள் வந்த ஈட்டிக்காரன்

முன்னாளில் ஈட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான் என்று பாட்டிமார் கூறக் கேட்டிருக்கிறோம். இன்று அவன் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டான். ரிசர்வ் வங்கி அமைத்த செயற்குழு 2021-இன் தொடக்கத்தில் இரு மாதங்கள் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளைக் கண்டது. அவற்றில் 600 சட்டத்திற்குப் புறம்பானவை என்று தன் அறிக்கையில் கூறியது.

அவற்றின் கணக்கு எளிது. 5,000 ரூபாய்க் கடன் என்பர். கட்டணம் என்று 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 3,000 ரூபாய் அனுப்புவர். ஏழாம் நாள் 5,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆண்டு வீதமாகப் பெருக்கினால் 3,400 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. கந்துவட்டிக்காரனே வெட்கித் தலைகுனிவான். தவறினால், கைப்பேசியில் உள்ள எல்லா எண்களுக்கும் அவதூறுச் செய்திகள் பறக்கும். நம் கல்லூரியிலேயே நண்பர் ஒருவர் இதற்கு ஆளாகி இரு வாரம் வகுப்பிற்கு வராதிருந்தார். அவர் வாங்கியது தேர்வுக் கட்டணத்திற்காக 3,000 ரூபாய். அவர் உயிரோடு மீண்டது அவருடைய அண்ணன் செய்த புண்ணியம்.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு விதிமுறைகள் வகுத்தது. கடன் பணம் வங்கியிடமிருந்தோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திடமிருந்தோ நேரே வாங்குபவர் கணக்கிற்கு வர வேண்டும்; இடையில் எவரும் பிடிக்கலாகாது. தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடலாகாது. கேளாமல் கடன் வரம்பை உயர்த்தலாகாது. மனம் மாறினால் குறிப்பிட்ட காலத்திற்குள் அசலையும் அந்நாள்களுக்குரிய வட்டியையும் மட்டும் செலுத்தி விலகலாம். இக்காலம் குறைந்தது ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்று 2025 மே மாதத்து ஆணை தெளிவாக்கியது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் சம்பள நாள் வரை தரப்படும் குறுங்கடன்கள் பெருகியபோது, அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் 2015 சனவரி 2 முதல் மூன்று எல்லைகளை விதித்தது. வட்டியும் கட்டணமும் நாளுக்கு 0.8 விழுக்காடு, தவறினால் தண்டம் 15 பவுன், எவ்வளவு காலம் ஆனாலும் வட்டியும் கட்டணமும் அசலுக்கு மேற்படலாகாது. நம் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் இதில் தெரிகிறதன்றோ! இதற்கு முன்பே, 2014 அக்டோபரில் வோங்கா என்ற நிறுவனம், தாங்கும் சக்தியைச் சரிவரப் பாராமல் கொடுத்த காரணத்தால், 3,30,000 பேருடைய 22 கோடி பவுன் கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. 2018 ஆகஸ்டில் அந்நிறுவனமே முடங்கிற்று.

தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே சென்றது. அந்நாட்டின் 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கடன் சட்டம் ‘பொறுப்பற்ற கடன்’ என்றே ஒரு வகையை வரையறுத்தது. வாங்குபவரின் நிலையை ஆராயாமல் கொடுத்தாலோ, கொடுத்தால் அவர் மூழ்குவார் என்று தெரிந்தும் கொடுத்தாலோ, அக்கடன் முழுவதையுமோ ஒரு பகுதியையோ நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். பாராமல் கொடுத்தவன் பணத்தை இழப்பான். இந்த அச்சம் ஒன்று இருந்தால் அவன் தானே பார்த்துக் கொடுப்பான்.

சட்டத்தின் ஓட்டையும் என் கையும்

இப்போது எங்கள் வீட்டு அலமாரிக்கு வருகிறேன். என் தந்தை சுமைத் தொழிலாளி. அன்னை வீட்டில் தையல் வேலை செய்கிறார். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய். நான்கு கடன்களின் தவணையும் சேர்ந்து மாதம் 9,800 ரூபாய். அதாவது வருமானத்தில் 70 விழுக்காடு. பாதிக்கு மேல் கூடாது என்று 2022-ஆம் ஆண்டு விதி கூறும்போது இது எவ்வாறு நிகழ்ந்தது?

இக்கட்டுரைக்காகக் கடன் தாள்களை எடுத்துப் படித்தேன். அட்டை தமிழில் இருந்தது. தவணையும் வட்டியும் தெளிவாகவே இருந்தன. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. நான்காம் கடனின் விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் மாதம் 25,000 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது. ஆண்டுக்கு மூன்று இலட்சம்! விதி அனுமதிக்கும் உச்ச வரம்பு எதுவோ அதுவே எங்கள் வருமானமாகியிருந்தது. 25,000-த்தில் 9,800 என்பது 39 விழுக்காடு. ஏட்டளவில் எல்லாம் ஒழுங்கு.

அந்த எண்ணை எழுதிய கையெழுத்து என்னுடையது. அன்னைக்கு ஆங்கிலம் தெரியாது. வசூலுக்கு வந்தவர், “தம்பி, நீங்களே நிரப்பிடுங்க, வருமானம் இருபத்தஞ்சுன்னு போடுங்க, அப்பதான் பாஸ் ஆகும்” என்றார். கல்லூரிக் கட்டணமும் அக்காவின் பிரசவச் செலவும் நெருக்கிய நேரம். போட்டேன். பொருளியல் படிக்கும் மாணவன் நான். அது என்ன எண் என்று ஒரு கணம்கூட எண்ணவில்லை. மூன்று மாதம் கழித்து அன்னையின் தோடு அடகுக்கடைக்குச் சென்றபோதுதான் எண்ணினேன்.

அவரையும் முழுதும் குறை கூற மாட்டேன். அவருக்கும் மாதம் இத்தனை கடன் என்று இலக்கு இருந்திருக்கும். குற்றம் என்னுடையது ஒரு பங்கு, அவருடையது ஒரு பங்கு. ஆனால் ஆராய வேண்டிய கடமையை நிறுவனத்தின் மேல் வைத்த விதி, அந்த ஆராய்ச்சிக்குச் சான்றாக நான் எழுதிய ஓர் எண்ணையே ஏற்றுக்கொள்ளுமானால், பூனைக்கு மணி கட்டும் வேலையை எலியின் தலையிலேயே கட்டியதாகும். சரிபார்க்காமல் கொடுத்த கடனில் கொடுத்தவனுக்கும் இழப்பு உண்டு என்ற தென்னாப்பிரிக்கக் கொள்கை இங்கும் வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

மற்றொரு சிக்கலும் உண்டு. ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஆகவே பதிவு பெற்றவர்களின் வட்டியைப் பற்றிக் கேட்கும் பொறுப்பு ரிசர்வ் வங்கியுடையதாயிற்று. கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வாசலில் நடப்பதற்கு ஒரு சட்டம், தாளில் எழுதுவதற்கு வேறொரு விதி என்ற நிலையில், நடுவே நிற்கும் ஏழைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரிய வேண்டும்.

எதிர்வாதம்

கட்டுப்பாடு கடுமையானால் ஏழைக்குக் கடனே கிடைக்காது, அவன் மீண்டும் கந்துவட்டிக்காரனிடமே செல்வான் என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. 2010-இல் ஆந்திரத்தில் கண்டது அதுவே. நிறுவனம் கொடுத்திராவிட்டால் என் அக்காவின் பிரசவச் செலவுக்கு நாங்கள் எங்கே போயிருப்போம் என்று அன்னை என்னைக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

ஆனால் விடை முற்றிலும் இல்லாமலும் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் சேமித்தன, பிறகே கடன் பெற்றன. உறுப்பினரின் நிலையை அறிந்தவர்கள் உறுப்பினர்களே; இருபத்தைந்தாயிரம் என்று அங்கே பொய்க்கணக்குக் காட்டவியலாது. கூட்டுறவுச் சங்கமும் அத்தகையதே. தவறான கடனைத் தடுப்பதோடு நில்லாமல் நல்ல கடனைப் பெருக்கினால்தான் கட்டுப்பாடு பயன்தரும்.

நாம் செய்ய வேண்டுவன

படித்த நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, வட்டியைக் கேட்கும்போது “ஆண்டுக்கு எவ்வளவு, எல்லாக் கட்டணமும் சேர்த்தா?” என்று கேட்க வேண்டும். இரண்டாவது, முக்கிய விவரக் குறிப்பைத் தமிழில் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, நிறுவனத்திடம் புகார் செய்து முப்பது நாளில் தீர்வு இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம் என்பதை அண்டை வீட்டாருக்கும் கூற வேண்டும். செயலி மோசடிக்கு ஆளானவர் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம். நான்காவது, நம் வீட்டு விண்ணப்பங்களை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் நாம்தாம். உண்மையான எண்ணை எழுத வேண்டும். அதனால் அந்தக் கடன் கிடைக்காமற்போனால், அது நம்மால் தாங்கவியலாத கடன் என்று பொருள்.

முடிவுரை

எங்கள் வீட்டில் இரண்டு கடன்கள் முடிந்துவிட்டன. மற்ற இரண்டில் இன்னும் பதினொரு தவணைகள் உள்ளன. சென்ற மாதம் ஐந்தாவது நிறுவனம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். பழைய இரண்டையும் ஒழுங்காக முடித்ததால் 60,000 ரூபாய் வரை தரலாம் என்றார். அன்னை என் முகத்தைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தை வாங்கி, வருமானக் கட்டத்தில் 14,000 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “இது வராது தம்பி” என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்து சென்றார்.

அந்தத் தாளையும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்று சட்டம் தன் வேலையைச் செய்தது. செய்ததற்குக் காரணம், எண் உண்மையாக இருந்தது. அந்த உண்மையை மாணவன் ஒருவன் எழுதும் வரை காத்திராமல், கொடுப்பவனே தேடிக் கண்டறிய வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தும் நாளே கடன்பட்ட இல்லங்களுக்கு நல்ல நாளாகும்.